மனம் நொந்த தோழரின் ஹக்கு

கால் முறிந்தவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறோம். காய்ச்சலில் கிடப்பவரைப் பார்க்கப் போகும்போது பழமும் ரொட்டியும் வாங்கிச் செல்கிறோம். நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் மீதுள்ள ஹக்கு என்பதை மக்தபில் ஓதும் சிறு பிள்ளையும் அறியும். ஆனால் மனம் நொந்து, உறக்கம் இழந்து, ஊண் மறந்து வாடுகின்ற ஒரு தோழர் நம் மஹல்லாவிலேயே இருந்தால் அவரிடம் நாம் எப்படி நடந்து கொள்கிறோம்? "அவர் ஒரு மாதிரியாக இருக்கிறார்" என்று சொல்லி ஒதுங்கி விடுகிறோம். அல்லது நாலு உபதேசம் செய்துவிட்டுக் கடமை தீர்ந்தது என்று எண்ணி விடுகிறோம்.

அந்தத் தோழருக்கு நம்மீது என்ன ஹக்கு இருக்கிறது? கையில் காசில்லாத அவர் முறையான சிகிச்சை பெற நாம் என்ன செய்யலாம்? இதுவே இம்மாதப் பாடம்.

மதீனாவின் தெருவில்

அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. மதீனாவில் ஒரு பெண்மணி இருந்தார். அவருடைய அறிவில் சிறிது கோளாறு இருந்தது. அவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்கு அவர்களிடம் ஒரு தேவை இருப்பதாகச் சொன்னார். நாயகம் (ஸல்) அவர்கள் அவரை விரட்டவில்லை. வேறொருவரிடம் போகச் சொல்லவும் இல்லை. இன்னாரின் தாயே என்று கண்ணியமாக அழைத்து, எந்தத் தெருவில் நின்று பேச விருப்பமோ அந்தத் தெருவை அவரையே தேர்ந்து கொள்ளச் சொன்னார்கள். பிறகு அவருடன் சென்று, அவருடைய தேவை முடியும் வரை அங்கே நின்றார்கள்.

இந்தச் சம்பவத்தில் நமக்கு மூன்று படிப்பினைகள் உள்ளன. முதலாவது, மனம் பாதிக்கப்பட்டவரையும் மரியாதையான பெயர் சொல்லி அழைத்தது. இரண்டாவது, இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவரிடமே விட்டது. மூன்றாவது, அவர் தேவை தீரும் வரை உடன் நின்றது. ஒரு நாட்டையே நிர்வகித்த தலைவருக்கு இதற்கு நேரம் இருந்தது. நமக்கு இல்லையா?

நாம் செய்த தவறு

பிறருக்குப் பாடம் சொல்லுமுன் நம் தவற்றையும் சொல்லிவிடுவது நல்லது. நம் ஊரில் தையற்கடை வைத்திருக்கும் ஒரு தோழர், தினமும் சுபுஹுக்கு நம்முடன் முதல் ஸஃப்பில் நிற்பவர், சில வாரங்களாக வருவதில்லை. ஒருநாள் வழியில் கண்டு கேட்டபோது, "தொழுகையில் நின்றாலும் மனம் கல்லாக இருக்கிறது காக்கா, இரவெல்லாம் விழித்தே கிடக்கிறேன்" என்றார். நாம் என்ன சொன்னோம் தெரியுமா? "ஈமானைப் பலப்படுத்திக்கொள். திக்ரை அதிகப்படுத்து. எல்லாம் சரியாகும்" என்றோம். சொன்ன சொல்லில் பிழையில்லை. ஆனால், தன் ஈமானில்தான் குறை என்று நாம் கருதுவதாக அவர் எடுத்துக்கொண்டார். அதன்பின் நம்மைக் கண்டால் வேறு தெரு வழியாகப் போய்விடுவார்.

மூன்று மாதம் கழித்து அவருடைய மனைவி நம் வீட்டாரிடம் வந்து அழுதார். தையல் இயந்திரத்தை விற்கப் பேசிவிட்டாராம். "நான் இல்லாவிட்டால் நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள்" என்று பிள்ளைகளிடம் சொல்கிறாராம். செய்வினை எடுக்கிறேன் என்று வந்த ஒருவரிடம் காதுத்தோட்டை அடகு வைத்துப் பணம் கொடுத்தாகிவிட்டது. நகரத்தில் ஒரு தனியார் மருத்துவரிடமும் ஒருமுறை போனார்கள். கட்டணமும் மாத்திரையும் சேர்ந்து வீட்டின் ஒரு மாதச் செலவைத் தின்றுவிட்டன. இரண்டாம் முறை போகப் பணமில்லை. மாத்திரையும் பாதியில் நின்றது.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் வாசலை வாரத்தில் இருமுறை பேருந்தில் கடந்து போகிறவர்கள் நாம். அங்கே மனநலப் பிரிவு ஒன்று இருக்கிறது, பார்ப்பதற்கும் மருந்துக்கும் காசு வாங்குவதில்லை என்பது அன்றுவரை நமக்குத் தெரியாது. தெரிந்து கொள்ள முயலவும் இல்லை.

இது ஈமானின் குறைவா?

யஃகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துக்கத்தால் கண் வெளுத்துப் போனார்கள் என்று திருமறை கூறுகிறது. அவர்கள் நபி, அவர்களுடைய ஈமானை யார் குறை சொல்ல முடியும்? கதீஜா நாயகியும் அபூதாலிபும் மறைந்த ஆண்டைச் சரித்திர ஆசிரியர்கள் துக்க ஆண்டு என்றே குறித்தார்கள். கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடும் துஆவை நாயகம் (ஸல்) அவர்கள் வழமையாக ஓதி வந்தார்கள். துக்கம் என்பது பாவமல்ல. அது நீடித்து நோயாவதும் பாவமல்ல.

கி.பி. 850ஆம் ஆண்டளவில் பிறந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணம் தெரியாமல் வந்து கவிகின்ற துக்கம் வேறு என்று பிரித்துக் காட்டினார். பின்னதற்கு உடலிலும் காரணம் உண்டு என்று கருதினார். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் எழுப்பிய மருத்துவமனையில் மனம் பாதிக்கப்பட்டோருக்கென்று தனிப் பகுதி இருந்தது. ஏழைகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. துருக்கியின் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீது 1488இல் கட்டிய மருத்துவமனையிலும் இத்தகைய நோயாளிகள் பராமரிக்கப்பட்டார்கள். அந்தப் பாரம்பரியத்துக்கு உரியவர்களாகிய நாம் இன்று இந்நோயைச் சொல்ல வெட்கப்படுகிறோம்!

மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமப்புற அரபிகள் கேட்டபோது, செய்துகொள்ளும்படியே நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். முதுமையைத் தவிர எந்த நோய்க்கும் அல்லாஹ் நிவாரணம் வைத்திருப்பதாகவும் அறிவித்தார்கள். அதில் மனநோய் நீங்கலாக என்ற விதிவிலக்கு ஏதும் இல்லை.

அடையாளங்கள்

ஒருநாள் வருத்தமும் இருநாள் சோர்வும் நோயாகிவிடா. ஆனால் பின்வருவன இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்: உறக்கம் கெடுதல், பசி குறைதல், எதிலும் பற்றில்லாமை, தன்னையே பழித்துக் கொள்ளுதல். யாரும் பேசாதபோது குரல் கேட்பதாகச் சொல்வது, வீட்டாரே தமக்கு விஷம் வைப்பதாகச் சந்தேகிப்பது, பல இரவுகள் உறங்காமலேயே அளவற்ற உற்சாகத்தோடு பணத்தை வாரி இறைப்பது ஆகியவை கண்டால் இரண்டு வாரமும் காத்திருக்கலாகாது.

நம் வீடுகளில் தவறாகப் புரிந்து கொள்ளப்படும் மற்றொன்று உண்டு. ஒருவர் ஒளுவுக்கு ஒரு மணி நேரம் தண்ணீரைப் புழங்குகிறார். தக்பீர் கட்டிக் கட்டி அவிழ்க்கிறார். நஜீஸ் பட்டுவிட்டது என்று கை தோல் உரியும்வரை கழுவுகிறார். இதைப் பேணுதல் என்று புகழ்வாரும் உண்டு, வஸ்வாஸ் என்று பரிகசிப்பாரும் உண்டு. இது சிகிச்சையால் தணியக்கூடிய ஒரு நோயாக இருக்கலாம் என்று அறிந்தவர் சிலரே.

எங்கே போவது?

1. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. அங்கே ஓ.பி. சீட்டுக்கும் மருந்துக்கும் கட்டணம் இல்லை.

2. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவக் குழு, குறித்த நாட்களில் வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளுக்கும் வருகிறது. உங்கள் ஊருக்கு எந்தக் கிழமை வருகிறார்கள் என்பதை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் தெரிந்துவிடும். பேருந்துச் செலவு இதனால் பெரிதும் மிச்சமாகும்.

3. சென்னையில் உள்ளோருக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. 1794இல் சென்னையில் தொடங்கிய மனநல மருத்துவமனையின் தொடர்ச்சி அது. 'கீழ்ப்பாக்கம்' என்ற சொல்லையே நாம் கேலிப் பேச்சாக்கி விட்டோம். அந்தக் கேலிக்கு அஞ்சியே எத்தனையோ பேர் அந்த வாசலை மிதிக்காமல் நோயை முற்ற விடுகிறார்கள். நாவைப் பேணுவதில் இதுவும் சேரும். டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தோற்றுவித்த 'ஸ்கார்ஃப்' நிறுவனமும் கடும் மனநோயாளிகளுக்காகப் பாடுபட்டு வருகிறது.

4. எங்கே போவதென்றே தெரியவில்லையா? 14416 என்ற எண்ணில் 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவை இருக்கிறது. 2022 அக்டோபர் 10இல் இந்திய அரசு தொடங்கியது. இரவும் பகலும் இயங்குகிறது, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். நோயாளி பேச மறுத்தால் அவருக்காக நாம் பேசி வழி கேட்கலாம்.

இது யாரோ இடும் பிச்சை என்று தோழர் கூசினால் அவருக்குச் சட்டத்தைச் சொல்லுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவருக்கு, அதற்கான அட்டை கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு மனநல நிலையங்களில் இலவசச் சிகிச்சை பெறும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. உடல் நோய்க்குக் காப்பீடு செய்வது போலவே மனநோய்க்கும் காப்பீடு அளிக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது.

எப்படி அழைத்துச் செல்வது?

முதலில் பேச்சு. பள்ளிவாசல் திண்ணையில் நாலு பேர் நடுவே கேட்கக் கூடாது. அஸருக்குப் பின் கடற்கரைப் பக்கமோ தோட்டத்துப் பக்கமோ தனியே நடந்து போகலாம். "உனக்கு என்ன குறை?" என்று கேட்காமல், "ராத்திரி தூக்கம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் பேச்சு தானே வரும். வந்தபின் இடைமறிக்காமல் கேளுங்கள். கடைசியில், "மருத்துவரிடம் போ" என்னாமல், "நானும் வருகிறேன், சேர்ந்து போவோம்" என்று சொல்லுங்கள். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அனுபவத்தில் கண்டோம். நம் தோழர், தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நாம் மன்னிப்புக் கேட்ட பிறகே வாய் திறந்தார்.

அடுத்து, செலவு எங்கே இருக்கிறது என்பதை அறிய வேண்டும். சிகிச்சை இலவசம் என்றாலும் போக்குவரத்து இலவசமல்ல. அன்றாடக் கூலிக்காரருக்கு ஒருநாள் மருத்துவமனை என்றால் ஒருநாள் கூலி போயிற்று. ஒருமுறையோடு முடிவதுமில்லை, குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்பப் போக வேண்டும். பலர் நின்றுவிடுவது இந்த இடத்தில்தான். ஆகவே உதவ விரும்புகிறவர் பேருந்துக் கட்டணம், அன்றைய கூலி, பிள்ளைகளைப் பார்த்துக் கொள்ள ஒரு வீடு ஆகிய மூன்றையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யட்டும். நம் தோழருக்காக ஒருவர் கடையைத் திறந்து வைத்தார். ஒருவர் வழிச்செலவை ஏற்றார். நாம் உடன் போனோம்.

போகும்போது பழைய மருந்துச் சீட்டுகள், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகள், ஆதார் அட்டை, ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். அவருடன் ஒரே வீட்டில் வசிக்கும் ஒருவரும் வருவது நலம். உறக்கத்தையும் உணவையும் பற்றி அவரே சரியாகச் சொல்வார். காலையிலேயே போய்விட வேண்டும். கூட்டம் இருக்கும், காத்திருக்க நேரிடும். அந்தக் காத்திருப்பில்தான் தோழர் எழுந்து திரும்பிவிட எண்ணுவார். பக்கத்தில் ஆள் வேண்டியது அப்போதுதான்.

மருந்தும் நோன்பும்

மனச்சோர்வுக்குரிய மாத்திரைகள் தலைவலி மாத்திரையைப் போல் ஒரு மணி நேரத்தில் வேலை செய்வதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். ஆனால் வாய் உலர்தல், குமட்டல், மயக்கம் போன்ற தொந்தரவுகள் முதல் வாரத்திலேயே வரலாம். "பலனைக் காணோம், தொல்லைதான் கண்டோம்" என்று நிறுத்திவிடுவோர் மிகப் பலர். இதை முன்னரே சொல்லி வையுங்கள். குணம் தெரிந்தவுடன் தாமாக நிறுத்துவதும் ஆபத்து. எப்போது, எப்படிக் குறைப்பது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

ரமளானில் கவனம் தேவை. நோயாளிக்கு நோன்பில் சலுகை தந்தவன் அல்லாஹ்தான். ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரிடம் கேட்டு, மாத்திரை வேளைகளை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்ற முடியுமா என்று அறிய வேண்டும். சிலருக்கு முடியும். லித்தியம் என்ற மருந்து உண்பவர்களுக்கு உடலில் நீர் வற்றினால் மருந்தே நஞ்சாகக் கூடும். அவர்கள் மருத்துவரைக் கேளாமல் நோன்பு வைக்கலாகாது. மருந்தை விட்டுவிட்டு நோன்பைப் பிடித்து நோய் முற்றி விழுவதை மார்க்கம் நம்மிடம் கேட்கவில்லை. களாவா, ஃபித்யாவா என்பதைத் தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக் கொள்ளலாம்.

உயிருக்கு ஆபத்தென்றால்

"நான் இல்லாவிட்டால் நல்லது" என்ற பேச்சு வந்தால் அதை விளையாட்டாக விடக்கூடாது. "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பாரத்தை இறக்கி வைக்க வாய்ப்பே கிடைக்கிறது. 'ஹராம்' என்று அப்போது பயான் செய்ய வேண்டாம். அது ஹராம் என்பது அவருக்கும் தெரியும். அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, கயிறு, மொத்தமாக உள்ள மாத்திரைகள் ஆகியவற்றை அப்புறப்படுத்துங்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வழியில்லையேல் 108க்குச் சொல்லுங்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. போலீஸுக்கு அஞ்சி மறைத்து, உயிரைப் பறிகொடுத்து விடாதீர்கள்.

ஓதிப் பார்ப்பது

ஃபாத்திஹாவும் முஅவ்விததைனும் ஓதி ஊதுவது சுன்னத்தில் உள்ளதே. அதனால் மனம் ஆறுதல் அடையும், தாராளமாகச் செய்யலாம். ஆனால் மருந்தை நிறுத்தச் சொல்பவர், ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவர், நோயாளியை அடிப்பவர், கட்டிப் போடச் சொல்பவர் ஆகியோரை விட்டு விலகிவிட வேண்டும்.

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில் ஏர்வாடியில் தனியார் நடத்திய ஒரு காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மடிந்தார்கள். எல்லா மதத்தினரும் குணம் நாடி வருகின்ற ஊர் அது. நம்பிக்கையோடு கொண்டுவந்து விட்ட பெற்றோருக்குக் கரிந்த உடல்களே கிடைத்தன. அதன்பின் நாடே விழித்துக் கொண்டது. மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. பிற்காலத்தில் அதே ஏர்வாடியில் 'தவா–துஆ' என்ற பெயரில், பிரார்த்திக்க வருவோருக்கு மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. தவா என்றால் மருந்து. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த பாடமும் இதுவேயன்றோ?

பணமும் அமானத்தும்

தோழர் ஃபகீராகவோ மிஸ்கீனாகவோ இருந்தால் ஜகாத்தை அவர் கையில் கொடுக்கலாம். இது ஜகாத் என்று சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. ஜமாஅத்தின் பைத்துல்மாலில் மருத்துவத்துக்கென்று ஒரு பகுதி ஒதுக்குங்கள். ஆனால் ஜும்ஆவில் பெயர் சொல்லி வசூல் செய்துவிடாதீர்கள். அவர் நோய் அவருடைய ரகசியம்; நம்மிடம் அது அமானத். நாளை அவர் மகளுக்கு நிக்காஹ் பேச வரும்போது, "அவர்தானே மனநோய்க்கு மருந்து சாப்பிட்டவர்" என்று ஒருவர் சொன்னால் போதும், நாம் செய்த அவ்வளவு உதவியும் கரைந்துவிடும்.

நம் தையற்காரத் தோழருக்கு மூன்றாம் வாரத்தில் உறக்கம் வந்தது. இரண்டாம் மாதத்தில் இயந்திரத்தின் மீது போட்டிருந்த துணியை எடுத்தார். இடையில் ஒருமுறை மீண்டும் சோர்ந்தார். மருத்துவர் மருந்தை மாற்றிக் கொடுத்தார். இன்றும் மாத்திரை சாப்பிடுகிறார், இன்றும் தேதி தவறாமல் போய் வருகிறார். சுபுஹுக்கு வருகிறார், அல்ஹம்து லில்லாஹ். எது உங்களுக்குத் துணையாக இருந்தது என்று ஒருநாள் கேட்டோம். "மருந்துதான் காக்கா. ஆனால் முதல் நாள் நான் டாக்டர் அறைக்குள் போனபோது நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்களே, அதனால்தான் உள்ளே போனேன்" என்றார்.

வாசகச் சகோதரர்களே, சகோதரிகளே! இந்த வாரம் உங்கள் ஸஃப்பில் காலியாக இருக்கும் இடம் யாருடையது என்று பாருங்கள். பெண்கள் மஜ்லிஸில் சில மாதமாக முகம் காட்டாதவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். போய்க் கேளுங்கள், உடன் செல்லுங்கள், தேவை முடியும்வரை நில்லுங்கள்.

யா அல்லாஹ்! கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் எங்களைக் காப்பாயாக! மனம் நொந்தோருக்கு ஷிஃபாவையும், அவர்கள் பக்கத்தில் நிற்கும் தவ்ஃபீக்கை எங்களுக்கும் தந்தருள்வாயாக! ஆமீன்.